ரூபர்ட்ஸ் லேண்ட்: தோற்றம் 1670, மறைவு 1870

நம் ஊர்ச் சுவர்களில் ஒட்டும் கண்ணீர் அஞ்சலி நோட்டீஸில் படத்துக்குக் கீழே இரண்டு தேதிகள் இருக்கும். தோற்றம், மறைவு. இந்தக் கட்டுரையில் காலமானவருக்கும் அந்த இரண்டையும் பிசகாமல் சொல்லிவிடலாம். தோற்றம்: 2-5-1670, லண்டன். மறைவு: 15-7-1870. வயது இருநூறு வருடமும் இரண்டரை மாதமும். படம் போடத்தான் வழியில்லை. காலமானது ஒரு நிலம். அதாவது, நிலத்தின் மீது எழுதியிருந்த ஒரு பெயர். நிலம் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

பெயர், ரூபர்ட்ஸ் லேண்ட். ரூபர்ட்டின் நிலம். இன்றைய கனடாவின் மனிடோபா முழுவதும், சஸ்காச்சுவானில் பெரும்பகுதி, ஆல்பர்ட்டாவின் தெற்கு, ஒன்டாரியோ, கியூபெக் மாகாணங்களின் வடபாதி, நுனாவுட்டில் ஒரு பங்கு, இவை போக அமெரிக்காவின் மின்னசோட்டா, வடக்கு டகோட்டாவில் சில துண்டுகள். எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 39 லட்சம் சதுர கிலோமீட்டர். இன்றைய இந்தியா 33 லட்சத்துக்குள் அடங்கிவிடும். இவ்வளவு பெரிய ஆசாமி செத்ததற்கு யாரும் ஒப்பாரி வைத்ததாகத் தெரியவில்லை. பள்ளிக்கூடப் பாடப்புத்தகத்தில் ஒரு பத்தி, பழைய வரைபடத்தில் இளஞ்சிவப்பு வண்ணம், அவ்வளவுதான்.

பிறந்த கதையில் இருந்து தொடங்கலாம். பியர் ராடிசன், அவருடைய மைத்துனர் க்ரோசெய்யே என்று இரண்டு பிரெஞ்சு வியாபாரிகள். ராடிசன் என்ற பெயரை நட்சத்திர ஓட்டல்களின் வாசல் பலகையில் பார்த்திருப்பீர்கள், அதே ஆள்தான். க்ரோசெய்யே என்பது ஆங்கிலேயர் வாயில் நுழையவில்லை. ஒரு பழத்தின் பெயரை வைத்து ‘மிஸ்டர் கூஸ்பெர்ரி’ என்று கூப்பிட்டார்கள். இருவரும் 1660இல் மேற்குக் காட்டிலிருந்து படகு படகாகத் தோல் கொண்டுவந்து மொன்ட்ரியாலில் இறக்கினார்கள். லைசென்ஸ் இல்லாமல் போனதற்காகப் பிரெஞ்சு கவர்னர் அபராதமும் வரியுமாகப் பெரும்பங்கைப் பிடுங்கிக்கொண்டார். கோபித்துக்கொண்ட மைத்துனர்கள் கடைசியில் லண்டன் போய்ச் சேர்ந்தார்கள். தோல் விளையும் காட்டுக்குள் மொன்ட்ரியால் வழியாகச் சுற்றிக்கொண்டு போக வேண்டியதில்லை, வடக்கே ஹட்சன் விரிகுடா வழியாகக் கப்பலிலேயே போய் இறங்கலாம் என்பது அவர்கள் கையில் இருந்த ரகசியம். 1668இல் இரண்டு கப்பல்கள் கிளம்பின. ராடிசன் ஏறிய கப்பல் புயலில் அடிபட்டுத் திரும்பியது. க்ரோசெய்யே ஏறிய ‘நான்சச்’ விரிகுடாவின் தென்கோடிக்குப் போய், ஒரு ஆற்று முகத்தில் மரக்கோட்டை கட்டி, ஒரு குளிர்காலம் முழுக்க அங்கே கிடந்து, 1669 அக்டோபரில் வயிறு நிறையத் தோலோடு லண்டன் திரும்பியது.

அடுத்த மே மாதமே சாசனம் தயார். இரண்டாம் சார்லஸ் மன்னர் கொடுத்தார். வாங்கிக்கொண்டவர்கள் அவருடைய அத்தை மகனான இளவரசர் ரூபர்ட்டும் பிரபுக்களும் பணக்காரர்களுமாகப் பதினெட்டுப் பேர். ஹட்சன் விரிகுடா கம்பெனி என்று நாம் சுருக்கமாகச் சொல்வது இவர்களைத்தான். ஹட்சன் நீரிணை வழியே போய்ச் சேரும் கடலிலும் விரிகுடாவிலும் கலக்கும் ஆறுகள், அவற்றின் கரைகள், அவற்றின் நிலங்கள் எல்லாவற்றுக்கும் இவர்கள் முழுமுதல் உடைமையாளர்கள். நதிமூலம் ரிஷிமூலம் பார்க்கக் கூடாது என்பார்கள் நம் பக்கத்தில். மன்னர் பார்க்கவே இல்லை. அந்த ஆறுகள் எங்கே பிறக்கின்றன என்று லண்டனில் ஒருவருக்கும் தெரியாது. ராக்கி மலைத்தொடர் வரைக்கும் போகிறது என்பது பின்னாளில்தான் தெரிந்தது. எவ்வளவு கொடுத்தோம் என்றே தெரியாமல் கொடுத்த தானம் அது.

சாசனத்தில் ஒரு விதிவிலக்கு உண்டு: வேறொரு கிறிஸ்தவ அரசரின் கையில் ஏற்கெனவே உள்ள இடம் சேராது. கிரீ மக்கள், அனிஷினாபே, அசினிபாய்ன், டெனே, இனுயிட் என்று அந்த ஆற்றங்கரைகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்களிடம் கிறிஸ்தவ அரசர் யாரும் இல்லை. ஆகவே சட்டத்தின் கண்ணுக்கு நிலம் காலி. இருநூறு வருடத்து வழக்கின் மொத்தக் கரும்புள்ளியும் இந்த ஒரு வரிக்குள் இருக்கிறது. குத்தகை என்னவென்றால், மன்னரோ அவருடைய வாரிசுகளோ எப்போதாவது அந்த மண்ணில் கால்வைத்தால் இரண்டு எல்க் மான், இரண்டு கறுப்பு பீவர் கொடுக்க வேண்டும். சார்லஸ் போகவில்லை. அடுத்த இரண்டரை நூற்றாண்டுக்கு எந்த அரசரும் போகவில்லை. 39 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு இதுதான் வாடகை.

பெயர் கொடுத்த ரூபர்ட்டும் போகவில்லை. உள்நாட்டுப் போரில் குதிரைப்படை நடத்திய வீரர். பிற்காலத்தில் விண்ட்சர் கோட்டையில் உலையும் உருக்கும் குழம்புமாக ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவர். அவர் இங்கிலாந்துக்குக் கொண்டுவந்த ஒரு கண்ணாடி வேடிக்கைக்கு ‘ரூபர்ட் துளி’ என்றே பெயர். உருகிய கண்ணாடியைத் தண்ணீரில் சொட்டவிட்டால் தலைப்பிரட்டை வடிவில் உறையும். தலையைச் சுத்தியலால் அடித்தாலும் உடையாது. வாலைச் சும்மா கிள்ளினால் போதும், மொத்தமும் பொடியாகிவிடும். இதை ஏன் சொல்கிறேன் என்பது ரெட் ரிவர் பக்கம் வரும்போது விளங்கும்.

கம்பெனி என்றால் என்ன என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சார்லஸ் மன்னர் சாசனத்தில் கையெழுத்துப் போட்டபோது சென்னைக் கடற்கரையில் செயின்ட் ஜார்ஜ் கோட்டை எழும்பி முப்பது வருடம் ஆகியிருந்தது. அங்கே துணி, இங்கே தோல். ஃபேக்டரி என்ற சொல்கூடப் பொது. ஹட்சன் விரிகுடாவில் ‘யார்க் ஃபேக்டரி’ என்ற இடத்தில் ஒரு யந்திரமும் ஓடவில்லை. ஃபேக்டர் என்ற கம்பெனி ஏஜென்ட் உட்காரும் பண்டகசாலை, அவ்வளவுதான். வித்தியாசம் ஒன்று: கிழக்கிந்தியக் கம்பெனிக்கு முதலில் கிடைத்தது பதினைந்து வருட உரிமை. வடக்கே போன கம்பெனிக்குக் கிடைத்தது காலவரையறை இல்லாதது.

எல்லாம் ஒரு பிராணிக்காக. பீவருக்குத் தமிழில் பெயரில்லை; நம் மண்ணில் இல்லாத பிராணி. சிலர் நீர்நாய் என்று எழுதிவிடுகிறார்கள், அது வேறு. இது எலிக்கூட்டத்தைச் சேர்ந்தது. நன்றாக வளர்ந்தால் முப்பது கிலோ வரும். மரத்தைப் பல்லால் அறுத்து ஓடைக்குக் குறுக்கே அணை கட்டும். அதன் மேல்மயிருக்கு அடியில் இருக்கும் மென்மயிரில், உருப்பெருக்கியில் பார்த்தால் தெரியும் நுண்ணிய செதில்கள் உண்டு. அதனால் ஒன்றோடொன்று கொக்கிபோட்டு இறுகும். ஐரோப்பியக் கனவான்களின் தொப்பி அந்த இறுக்கத்தில்தான் நின்றது. மழையில் நனைந்தாலும் தொய்யாது. ஐரோப்பாவின் சொந்த பீவர் ஏற்கெனவே வேட்டையில் தீர்ந்துபோயிருந்தது. அமெரிக்கத் தோலிலும் லண்டன்காரர்கள் அதிகம் விரும்பியது பழையதைத்தான். கிரீ மக்கள் மயிர்ப்பக்கம் உள்ளே வரும்படி ஒன்றிரண்டு குளிர்காலம் உடுத்திக் கழித்த அங்கி. உடம்பின் எண்ணெய் ஊறி, முரட்டு மேல்மயிர் தேய்ந்து உதிர்ந்து, தொப்பிக்காரனுக்குப் பாதி வேலை முடிந்திருக்கும். ஒருவர் போட்டுக் கிழித்த சட்டைக்குப் புதுத் துணியைவிட விலை அதிகம். காட்டில் இருந்தவர்கள் இதைப் பார்த்துச் சிரித்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

காசு புழங்காத நாடு. பண்டகசாலையில் எல்லாக் கணக்கும் ‘மேட் பீவர்’ என்ற அளவில். பதப்படுத்திய நல்ல பீவர் தோல் ஒன்றுதான் ரூபாய். கத்திக்கு, கெட்டிலுக்கு, கம்பளிக்கு, துப்பாக்கிக்கு இத்தனை இத்தனை என்று விலைப்பட்டியல் லண்டனிலிருந்து வரும். நரித்தோலும் கரடித்தோலும்கூட ‘இத்தனை பீவர்’ என்றே மதிப்பிடப்பட்டன. ஆனால் பட்டியல் சொல்வது ஒன்று, கல்லாவில் நடப்பது வேறொன்று. ஏஜென்டுகள் வெடிமருந்தைக் குறைத்து அளந்து மிச்சம் பிடித்தார்கள். தோல் கொண்டுவந்தவர்களும் விவரமானவர்கள்தான். முதலில் புகையிலை வாங்கிப் புகைத்து, பரிசு கேட்டு, ‘போன வருடம் குறைத்து அளந்தாய், இந்த வருடம் நிறைத்து அள’ என்று முகத்துக்கு நேராகச் சொல்லி, சரிப்படவில்லை என்றால் பிரெஞ்சுக்காரனிடம் போனார்கள். நிலத்துக்குச் சொந்தக்காரன் என்று லண்டன் காகிதம் சொன்னவன், அங்கே கிரீக்காரர் கொண்டுவரும் வாத்து இறைச்சி இல்லாவிட்டால் குளிர்காலம் தாண்ட முடியாத குடியிருப்புக்காரன்.

தொடக்க காலத்துப் பண்டகசாலை வாழ்க்கையில் ஒரு பெண்ணைச் சொல்லாமல் மேலே போக முடியாது. தனடெல்தூர். டெனே இனம். கிரீக்காரர்களின் தாக்குதலில் சிறைப்பட்டு, தப்பித்து, 1714இல் யார்க் ஃபேக்டரிக்குக் குற்றுயிராக வந்து சேர்ந்தவர். கம்பெனியின் நாட்குறிப்பு அவரை ‘அடிமைப் பெண்’ என்றே எழுதுகிறது. அங்கே தலைவராக இருந்த ஜேம்ஸ் நைட்டுக்கு டெனே மக்களோடு வியாபாரம் வேண்டும். குறுக்கே இரண்டு இனங்களின் பகை. அடுத்த வருடம் நூற்றைம்பது கிரீக்காரர்களும் வில்லியம் ஸ்டூவர்ட் என்ற கம்பெனி ஆளும் தனடெல்தூரோடு வடமேற்கே நடந்தார்கள். பசியில் கூட்டம் சிதறிப்போனது. மிச்சம் நின்றவர்களை ஓரிடத்தில் இருக்கச் சொல்லிவிட்டு, அந்தப் பெண் தனியாகப் போய்த் தன் இனத்தாரைத் தேடிப் பிடித்து, பேசிப் பேசிக் குரல் கட்டிப்போய், நூற்றுக்கும் மேற்பட்டவர்களைக் கூட்டிவந்து சமாதானம் செய்துவைத்தார். தயங்கிய சொந்தக்காரர்களைப் பிடித்துத் தள்ளியே சம்மதிக்க வைத்தார் என்கிறது குறிப்பு. 1717 பிப்ரவரி 5 அன்று யார்க் ஃபேக்டரியில் நோயால் இறந்தார். நைட் அன்றைய குறிப்பில் துக்கத்தை மறைக்கவில்லை. இந்த நிலத்துக்கு ஒரு பெயர் வைத்தே தீர வேண்டும் என்றால் விண்ட்சரில் கண்ணாடி ஊதிக்கொண்டிருந்தவர் பெயர் எதற்கு?

நூறு வருடம் கம்பெனி கடலோரத்தை விட்டு அதிகம் நகரவில்லை. உறைந்த கடலோரம் தூங்குகிறார்கள் என்று எதிரிகள் கேலி பேசினார்கள். பிரெஞ்சுக்காரர்களோடு கோட்டை பிடிக்கும் விளையாட்டு 1713இல் உத்ரெக்ட் உடன்படிக்கை வரை நடந்தது. அதையெல்லாம் இங்கே விவரிக்கத் தேவையில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். சர்ச்சில் ஆற்று முகத்தில் நாற்பது வருடம் கல்லடுக்கி, நாற்பது பீரங்கி வைத்து, வேல்ஸ் இளவரசர் பெயரில் ஒரு கோட்டை கட்டினார்கள். 1782 ஆகஸ்டில் லா பெரூஸ் மூன்று பிரெஞ்சுக் கப்பல்களோடு வந்தார். உள்ளே இருந்தவர்கள் நாற்பது பேருக்கும் குறைவு. சிப்பாய்கள் இல்லை, குமாஸ்தாக்களும் கொத்தனார்களும்தான். தலைவர் சாமுவேல் ஹெர்ன் ஒரு குண்டுகூடச் சுடாமல் வெள்ளைக்கொடி காட்டிவிட்டார். அதே வருடம், அதே போரில், சதுரங்கப்பட்டினத்துக்கும் திருகோணமலைக்கும் எதிரே சுஃப்ரேனின் பிரெஞ்சுக் கப்பல்கள் ஆங்கிலேயரோடு பீரங்கிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. இந்தப் பக்கம் குண்டுக்குக் குறைவில்லை.

அந்த 1781-82இல் கோட்டையைவிடப் பெரிய சாவு ஒன்று நடந்தது. தெற்கே இருந்து சமவெளி வழியாகப் பெரியம்மை ஏறி வந்தது. கூடாரம் கூடாரமாக மனிதர்கள் விழுந்தார்கள். புதைக்க ஆள் இல்லை. கம்பெனிக்குத் தோல் வரத்தும் குறைந்தது.

பண்டகசாலைகளுக்கு ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளிலிருந்து ஆட்கள் வந்தார்கள். மொன்ட்ரியால் பக்கத்திலிருந்து பிரெஞ்சுத் துடுப்புக்காரர்கள் வந்தார்கள். கிரீ, அனிஷினாபே பெண்களோடு ‘நாட்டு வழக்கம்’ என்ற முறையில் குடும்பம் நடத்தினார்கள். பாதிரியார் இல்லை, பதிவேடு இல்லை. பனிக்காலணி பின்னுவதும் தோல் பதனிடுவதும் மொழிபெயர்ப்பதும் அந்தப் பெண்கள். அவர்கள் இல்லாமல் ஒரு மூட்டைத் தோல்கூட லண்டன் போயிருக்காது. அந்தக் குடும்பங்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் சேர்ந்து ஒரு புது இனமே ஆனது: மேட்டி. அவர்களில் பலர் பேசிய மிச்சிஃப் என்ற மொழி மொழியியலாளர்களுக்கு இன்றும் ஆச்சரியம். வினைச்சொல் எல்லாம் கிரீ, பெயர்ச்சொல் பெரும்பாலும் பிரெஞ்சு. இரண்டையும் அதனதன் இலக்கணத்தோடு அப்படியே வைத்திருந்தார்கள். ஒட்டுக்கன்று போல அல்லாமல் இரண்டு மரம் ஒரே வேரில் நிற்பது போல. அவர்களுடைய ரெட் ரிவர் வண்டியில் ஓர் இரும்பாணிகூடக் கிடையாது. முழுக்க மரமும் தோல்வாரும். புழுதி ஒட்டும் என்று அச்சுக்கு எண்ணெய் போடமாட்டார்கள். எருமை வேட்டைக்கு வரிசையாகக் கிளம்பினால் மைல்கணக்கில் கீச்சிடும் சத்தம் கேட்கும்.

ரெட் ரிவர் என்பது இன்றைய வினிபெக். 1811இல் செல்கிர்க் பிரபு கம்பெனியிடம் பெயருக்குப் பத்து ஷில்லிங் கொடுத்து, 1,16,000 சதுர மைல் வாங்கி, ஸ்காட்டிஷ் ஏழைகளைக் குடியேற்றினார். போட்டிக் கம்பெனியான நார்த் வெஸ்டுக்கு அது பொறுக்கவில்லை. 1816இல் செவன் ஓக்ஸில் சண்டை. இருபதுக்கும் மேல் செத்தார்கள். 1821இல் இரண்டு கம்பெனிகளும் ஒன்றாகிவிட்டன. இனி போட்டியில்லை. ஜார்ஜ் சிம்ப்சன் என்ற கவர்னர், பைப் வாத்தியக்காரர் முன்னே ஊதிவர, ஓடத்தில் ராஜா போல வலம் வந்தார். நாட்டு வழக்கப்படி குடும்பம் நடத்திய மார்கரெட் டெய்லரிடம் ஒரு சொல்லும் சொல்லாமல் லண்டன் போய்ச் சொந்தத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணைக் கட்டிக்கொண்டு திரும்பியவர் அவர். அந்தக் காலத்தில் பெரிய இடத்துக்காரர்கள் பலரும் அதையே பின்பற்றினார்கள்.

கம்பெனியைத் தவிர வேறு யாருக்கும் தோல் விற்கக் கூடாது என்பது சட்டம். 1849 மே மாதம் கியோம் சாயர் என்ற மேட்டியை அந்தக் குற்றத்துக்காகக் கோர்ட்டில் நிறுத்தினார்கள். வெளியே துப்பாக்கியோடு முந்நூறு பேர். குற்றவாளி என்று தீர்ப்பு; தண்டனை ஒன்றும் இல்லை. ‘வியாபாரம் சுதந்திரம்’ என்று கத்திக்கொண்டு கூட்டம் கலைந்தது. அன்றைக்குக் கூட்டத்தைத் திரட்டி வந்தவர் பெயர் லூயி ரியெல். அவருக்கு அப்போது நான்கரை வயதில் மகன் இருந்தான். அவன் பெயரும் லூயி ரியெல்.

கம்பெனிக்கு முடிவு தெரியத் தொடங்கியது. பட்டுத் தொப்பி வந்து பீவர் தொப்பியை ஓரங்கட்டிவிட்டது. 1857இல், இந்தியாவில் சிப்பாய்கள் கிளம்பிய அதே வருடம், இந்தக் கம்பெனியை என்ன செய்வது என்று பிரிட்டிஷ் பாராளுமன்றக் கமிட்டி விசாரித்தது. அடுத்த வருடம் நம் தலைமேல் இருந்து ஒரு கம்பெனி இறங்கியது. வடக்கே இருந்தது இன்னும் பன்னிரண்டு வருடம் உட்கார்ந்திருந்தது. 1863இல் லண்டன் நிதிக்காரர்கள் பங்குகளை மொத்தமாக வாங்கினார்கள். அவர்களுக்குத் தோல் முக்கியமில்லை, மனை முக்கியம். 1867இல் ரஷ்யா அலாஸ்காவை 72 லட்சம் டாலருக்கு அமெரிக்காவிடம் விற்றது. அதே வருடம் பிறந்த கனடாவுக்கு அடிவயிற்றில் பயம்: அடுத்தது இந்த நிலமோ? அவசர அவசரமாகப் பேரம் நடந்தது. மூன்று லட்சம் பவுன். அதோடு பண்டகசாலைகளைச் சுற்றியுள்ள இடம் கம்பெனிக்கே. விளைநிலப் பகுதியில் இருபதில் ஒரு பங்கும் கம்பெனிக்கே. பின்னால் அளந்து பார்த்தபோது அது சுமார் 70 லட்சம் ஏக்கர். 1869 நவம்பர் 19 அன்று லண்டனில் ஒப்படைப்புப் பத்திரம். கைமாறும் நாள் டிசம்பர் 1.

நம் ஊரில் ஒரு சென்ட் மனை விற்றாலும் குடியிருப்பவனிடம் ஒரு வார்த்தை சொல்வார்கள். ரெட் ரிவரில் அப்போது சுமார் பன்னிரண்டாயிரம் பேர். பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் கலப்புக் குடும்பத்தார். அவர்களிடமும் சொல்லவில்லை, சமவெளி முழுக்க இருந்த பூர்வகுடிகளிடமும் சொல்லவில்லை. பத்திரம் முடிவதற்கு முன்பே சர்வேயர்கள் வந்து இறங்கினார்கள். ரெட் ரிவர்க்காரர்களின் நிலம் ஆற்று முகத்தில் ஒடுங்கி, பின்னால் இரண்டு மைல் நீளும் ரிப்பன் வடிவம். எல்லோருக்கும் தண்ணீர், எல்லோருக்கும் மரம், எல்லோருக்கும் புல். கனடா சர்வேயர்கள் சதுரம் சதுரமாக அளந்தார்கள். நம் தாலுகா ஆபீஸ் சர்வேயர்கள் வெகுகாலம் இழுத்த அதே வகைச் சங்கிலிதான். அக்டோபர் 11 அன்று, உறவினர் ஒருவரின் புல்வெளியில் சங்கிலி ஓடியபோது, மகன் லூயி ரியெல் பத்துப் பதினைந்து பேரோடு வந்து அதன் மேல் காலை வைத்தார். வயது இருபத்துநான்கு. இதற்கு மேல் போகாதே என்றார். ரூபர்ட் துளியின் வால் அதுதான்.

கனடா அனுப்பிய புது கவர்னர் வில்லியம் மக்டூகல் எல்லையிலேயே நிறுத்தப்பட்டார். நவம்பர் 2இல் ரியெலின் ஆட்கள் கம்பெனியின் கேரி கோட்டைக்குள் போய் உட்கார்ந்தார்கள். கலவரச் செய்தி கேட்ட கனடா, அமைதி திரும்பினால்தான் வாங்குவேன் என்று கைமாற்றத்தை ஒத்திவைத்தது. தந்தி எட்டாத இடத்தில் இருந்த மக்டூகலுக்கு அது தெரியாது. டிசம்பர் 1 இரவு, உறைபனிக்காற்றில், சில ஆட்களோடு எல்லையைத் தாண்டி வந்து, ராணியின் பெயரில் தாமே எழுதிய பிரகடனத்தைப் புல்வெளிக்கு வாசித்துக் காட்டிவிட்டு, விறுவிறுவென்று அமெரிக்கப் பக்கம் திரும்பிவிட்டார். கம்பெனியின் அதிகாரம் முடிந்தது என்றது பிரகடனம். கனடாவின் அதிகாரமோ தொடங்கவில்லை. ஆக, ரூபர்ட்ஸ் லேண்டுக்கு அந்த இரவில் எஜமானன் இல்லை.

டிசம்பர் 8 தேதியிட்டு வெளிவந்தது ஓர் அறிக்கை. தலைப்பிலேயே ‘ரூபர்ட்ஸ் லேண்ட், வடமேற்கு மக்களின் அறிக்கை’ என்றிருந்தது. எங்களைக் கேட்காமல் எங்களைக் கைவிட்ட கம்பெனிக்கும் நாங்கள் கடன்படவில்லை, எங்களைக் கேட்காமல் வாங்கிய நாட்டுக்கும் கடன்படவில்லை என்பது சாரம். நூற்றுத்தொண்ணூற்றொன்பது வருடமாக அந்தப் பெயர் ஒரு சொத்தின் பெயர். மக்கள் என்ற சொல் அதை ஒட்டி வந்தது அப்போதுதான்.

அந்தக் குளிர்காலத்தைப் பற்றித்தான் எனக்கு உண்மையான துக்கம். ஜனவரியில் கோட்டை முற்றத்தில், வெறும் வானத்துக்குக் கீழே, எலும்பு நொறுங்கும் குளிரில் ஆயிரம் பேர் மணிக்கணக்கில் நின்றார்கள். கனடாவின் தூதரான டொனால்ட் ஸ்மித் ஆங்கிலத்தில் பேச, எதிராளியான ரியெலே பக்கத்தில் நின்று பிரெஞ்சில் மொழிபெயர்த்தார். எதிராளிக்கு நேர்மையாக மொழிபெயர்த்த கலகத் தலைவரை வேறெங்கே தேடுவது? பிறகு ஆங்கிலம் பேசும் ஊர்களிலிருந்து இருபது, பிரெஞ்சு பேசும் ஊர்களிலிருந்து இருபது பிரதிநிதிகள் கூடினார்கள். சண்டை போட்டார்கள், சில தீர்மானங்களில் ரியெல் தோற்றார், உரிமைப் பட்டியல் எழுதினார்கள். சட்டசபையிலும் கோர்ட்டிலும் இரண்டு மொழி வேண்டும் என்றார்கள். மார்ச்சில் ஒரு சட்டசபையே கூடியது. பூர்வகுடிகளில் பெரும்பாலோர் அந்த அவைக்கு வெளியேதான் இருந்தார்கள். அது அந்தக் கூட்டத்தின் குறை. தாமஸ் ஸ்காட் என்ற கைதியை மார்ச் 4இல் சுட்டுக் கொன்றது பெரிய தவறு. ஒன்டாரியோ கொதித்தது. ரியெலுக்கு அதிலிருந்து மீட்சியே இல்லை. இருந்தாலும், இருநூறு வருட ஆயுளில் இந்தச் சில மாதங்கள்தான் அந்த நிலம் தன் வாயால் பேசியது.

பேசியதற்குப் பலனும் கிடைத்தது. மே மாதம் மனிடோபா சட்டம் நிறைவேறியது. ஜூலை 15 அன்று ரூபர்ட்ஸ் லேண்ட் கனடாவோடு சேர்ந்தது. அதில் ஒரு சிறு சதுரம் மாகாணம் ஆனது. ‘தபால்தலை மாகாணம்’ என்று கேலி செய்தார்கள். மிச்சம் எல்லாம் ஒட்டாவாவிலிருந்து ஆளும் வடமேற்குப் பிரதேசம். மேட்டி பிள்ளைகளுக்கு 14 லட்சம் ஏக்கர் என்று சட்டத்தில் எழுதினார்கள். ஆகஸ்ட் 24இல் வோல்ஸ்லியின் பட்டாளம் வந்தது. ரியெல் காலைச் சாப்பாட்டை அப்படியே விட்டுவிட்டு ஓடினார். நிலம் வருடக்கணக்கில் இழுத்தடிக்கப்பட்டு, தரகர்கள் கைக்குப் போய், மேட்டி மக்கள் மேற்கே மேற்கே தள்ளப்பட்டார்கள். 1885 நவம்பர் 16 அன்று ரெஜைனாவில் ரியெலைத் தூக்கிலிட்டார்கள். அந்த நிலப்பங்கீட்டில் அரசு கடமை தவறியது என்று கனடா உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2013இல்.

செத்தவர் பெயர் சொல்ல என்னென்ன மிச்சம் என்றால்: வினிபெக்கைத் தலைமையாகக் கொண்ட ஆங்கிலிக்கன் மறைமாவட்டத்துக்கு இன்றும் ரூபர்ட்ஸ் லேண்ட் என்றே பெயர். பிரின்ஸ் ரூபர்ட் என்று ஓர் ஊர் உண்டு. பசிபிக் கரையில் இருக்கிறது, இவருடைய எல்லைக்கு வெளியே. நான்சச் கப்பல் குளிர்காலம் கழித்த இடத்தில் இன்று வாஸ்ககனிஷ் என்ற கிரீ ஊர். அருகே கடலில் கலக்கும் ரூபர்ட் ஆற்றின் தண்ணீரில் பெரும்பகுதியை 2009இல் மின்சாரத்துக்காக வேறு பக்கம் திருப்பிவிட்டார்கள். பீவர், ஐந்து சென்ட் காசில்.

கம்பெனி மட்டும் நெடுநாள் இருந்தது. தோல் போய் மனை, மனை போய் ஜவுளி. நகரத்துக்கு நகரம் பெரிய கடைகள் வைத்தது. வினிபெக்கில் 1926இல் திறந்த ஆறு மாடிக் கடையை 2020இல் மூடி, 2022இல் தெற்கு மனிடோபா பூர்வகுடிகளின் அமைப்பிடம் ஒப்படைத்தது. அன்று அவர்கள் கம்பெனிக்குக் கொடுத்த விலை பீவர் தோலும் எல்க் தோலும். 2025 ஜூன் 1 அன்று கடைசிக் கடையும் மூடப்பட்டது. கடன்காரர்களுக்காகச் சொத்துக்களைப் பட்டியல் போட்டபோது, 1670ஆம் வருடத்து சாசனமும் அதில் விற்பனைக்கு வந்தது.

1874 செப்டம்பரில் கப்பெல் பள்ளத்தாக்கில் நான்காம் உடன்படிக்கைக்காகக் கனடாவின் பிரதிநிதி அலெக்சாண்டர் மாரிஸ் வந்து உட்கார்ந்தபோது, பேச்சே தொடங்கவிடாமல் நாட்கணக்கில் ஒரு கேள்வி குறுக்கே நின்றது. பாஸ்குவா என்ற தலைவர் அங்கிருந்த கம்பெனி அதிகாரியைக் காட்டிக் கேட்டார்: மூன்று லட்சம் பவுனுக்கு நிலத்தை விற்றதாகச் சொல்கிறாயே, அந்தப் பணம் எங்களுடையது, எங்கே? அது கம்பெனியின் வியாபார உரிமைக்குக் கொடுத்த ஈடு என்றார் மாரிஸ். முடிவில் கையெழுத்தான உடன்படிக்கையில் தலைக்கு வருடம் ஐந்து டாலர் என்று எழுதினார்கள். அது இன்றும் வருடந்தோறும் கொடுக்கப்படுகிறது. தொகை அதே ஐந்து டாலர்.